மணலுக்குள் நின்ற எண்ணெய்

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மண்டி வைத்திருந்தார். மாப்பிள்ளை இன்டர்மீடியட் படித்தவர், திருவொற்றியூர் போகும் வழியில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் வேலை. கிடங்கின் கிழக்கு மதிலை ஒட்டிய தெருவில்தான் எங்களுக்கு வீடு கிடைத்தது. வரிசையாக ஆறேழு ஓட்டு வீடுகள், நடுவில் ஒரே உறைகிணறு. கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல். எங்கே தோண்டினாலும் மணல்தான், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல் இறங்கினால் தண்ணீர் வந்துவிடும். கடலுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும்.

பக்கத்து வீட்டில் இருந்தவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குபவர், எனக்கு அண்ணன் மாதிரி. அவருடைய தம்பியும் அவர்களோடுதான் இருந்தான், அண்ணனோடு அதே வேலைக்குப் போய்வருவான். நான் வந்த புதிதில் அக்கா என் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். "இன்னா தங்கச்சி, 'ஏட்டி'ன்ற, 'வாளா இரு'ன்ற? நீ தமிளு பேசுறியா, இல்ல வேற எதுனாவா?" என்பாள். எனக்கும் அவள் பேச்சு பாதி புரியாது. ஆனால் மீன் பார்த்து வாங்கவும், ரேஷன் கடைக்காரனிடம் சண்டை போடவும் அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.

என் வீட்டுக்காரருக்குக் கிடங்கின் சோதனை அறையில் வேலை. அடியில் ஊசித்துளை போட்ட ஒரு பித்தளைக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, சூடு காட்டி, கீழே இருக்கும் குடுவை நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கையில் கடிகாரம் வைத்துப் பார்ப்பார். மண்ணெண்ணெய் சரசரவென்று இறங்கிவிடும். கப்பலுக்கும் கொதிகலனுக்கும் போகிற கறுப்பெண்ணெய் சொட்டுச் சொட்டாக விழும். அதற்கு 'விஸ்காசிட்டி' என்பார். இப்போது பேரப்பிள்ளைகளின் புத்தகத்தில் பாகுத்தன்மை என்று போட்டிருக்கிறது. அன்றைக்கு நான் எனக்குத் தெரிந்த மாதிரி, "ஒண்ணு மோரு, ஒண்ணு பதனீர்ப் பாகு, அவ்வளவுதானே?" என்றேன். "அவ்வளவுதான். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்று சிரித்தார்.

கல்யாணமான அடுத்த வருஷமே கிடங்குக்குள் மண்ணுக்கடியில் போன ஒரு குழாய் துருப்பிடித்து மண்ணெண்ணெய் கசிந்தது. யாருக்கும் தெரியவில்லை. ஒரு காலை அக்கா வாளியை இறைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இன்னாது, தண்ணி கிருஷ்ணாயில் நாத்தம் நாறுது?" எட்டிப் பார்த்தால் கிணற்றின் மேலே மயில்கழுத்து நிறத்தில் ஒரு படலம் மிதக்கிறது.

சொன்னால் இப்போது நம்பமாட்டார்கள், அன்றைக்குத் தெருவே சந்தோஷப்பட்டது. மண்ணெண்ணெய் ரேஷனில் கால் படி கிடைத்தால் பெரிது. பெண்கள் பழைய துணியை வாளியில் கட்டி இறக்கி, மேலே இருந்ததை ஒற்றி எடுத்துப் பிழிந்து புட்டியில் நிரப்பினோம். குடிக்கிற தண்ணீருக்குக் கோயில் பக்கம் நடந்தோம். கொஞ்ச நாளில் கிடங்கில் குழாயை மாற்றினார்கள். அண்ணன் கிணற்றில் இறங்கி உறைகளைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக்கொடுத்தார். ஐப்பசி மழை இரண்டு பாட்டம் அடித்ததும் நாற்றம் போய்விட்டது. மெல்லிய எண்ணெய், வந்த வேகத்திலேயே மணலில் வழி கண்டு போய்விட்டது என்றார் என் வீட்டுக்காரர். எண்ணெய் வந்தால் போய்விடும் என்ற எண்ணம் தெருவில் எல்லோர் மனசிலும் அப்போதுதான் உட்கார்ந்தது.

இரண்டாவது கசிவு சில வருஷம் கழித்து. இந்த முறை கறுப்பெண்ணெய். ஒரு பெரிய டேங்கின் அடித்தகடு விட்டுப்போய், எத்தனை காலமாக என்று தெரியாமல் மணலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. டேங்கில் கணக்கு இடித்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். மதிலுக்குள் தோண்டிப் பார்த்தால் மணல் முழுக்கத் தார் போல நிற்கிறதாம்.

அக்கா பதறினாள். "மறுபடியும் கெணத்துக்கு வந்துடுமா, சாரே?"

"வராது. அது நடக்காத எண்ணெய். மணலுக்குள்ள ஒரு சாண் போக அதுக்கு மாசக் கணக்கு ஆகும்" என்றார் இவர்.

அவர் சொன்னது போலவே அது கிணற்றுக்கு வரவில்லை. கிணறு தெளிவாக இருந்தது. அப்படியே விட்டிருந்தால் அந்த எண்ணெய் அங்கேயே கிடந்து கெட்டிப்பட்டிருக்கும் என்று அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவ்வளவு எண்ணெயை மண்ணுக்குள் விட்டுவிடக் கிடங்குக்கு மனசில்லை. பம்பாயிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். சின்ன வயசு, மரியாதையான ஆள் என்று இவர் சொல்வார். அவர் போட்ட திட்டம் கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. டேங்குக்கு மேற்கே குழாய்களை இறக்கித் தண்ணீரை அழுத்திச் செலுத்துவது. தண்ணீர் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு கிழக்கே வரும். அங்கே, எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய குழி. குழியில் வந்து சேருவதை பம்பு வைத்து எடுத்துவிடலாம்.

பம்பு நாளெல்லாம் ஓடியது. அந்தச் சத்தத்தில் எங்கள் பாத்திரங்கள் அலமாரியில் கிணுகிணுக்கும். முதலில் கொஞ்சம் எண்ணெய் வந்திருக்கிறது. பிறகு தண்ணீர், தண்ணீர், வெறும் தண்ணீர். அழுத்தத்தைக் கூட்டினார்கள். தண்ணீர் இன்னும் வேகமாக வந்தது. எண்ணெய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வந்ததும் இவர் அடுக்களையில் உட்கார்ந்து அரிக்கேன் விளக்கின் சிம்னியைக் கழற்றினார். அதன் அடியைத் துணியால் அடைத்து, கடற்கரை மணலைக் கழுவிக் காயவைத்து இட்டு நிரப்பினார். அதில் விளக்கெண்ணெயை ஊற்றி ஊறவிட்டார். அப்புறம் என்னிடம் சலவை நீலம் கேட்டார். கொடுத்தேன். தண்ணீரில் கரைத்து மேலே ஊற்றிக்கொண்டே, "கண்ணாடிய பாரு" என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். நீலத் தண்ணீர் எண்ணெயை மொத்தமாகத் தள்ளிக்கொண்டு இறங்கும் என்றுதான் நினைத்தேன். அப்படி இறங்கவில்லை. மேலிருந்து நாலைந்து இடத்தில் விரல் நீட்டியது மாதிரி நீலம் கீழே நீண்டது. அதில் ஒரு விரல் மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு அடித்துணியைத் தொட்டது. அவ்வளவுதான், மீதி விரல்கள் நின்றுபோயின. அதற்குப் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் முழுக்க அந்த ஒரே வழியில் ஓடியது. இரண்டு பக்கமும் விளக்கெண்ணெய் இருந்த இடத்திலேயே மஞ்சளாக நின்றது.

"தண்ணி மெல்லிசு. எண்ணெய் கெட்டிப் பாகு. பாகைத் தள்ளுறதைவிட அதைக் கிழிச்சுக்கிட்டுப் போறது தண்ணிக்குச் சுளுவு. ஒருதரம் வழி கிடைச்சிட்டா அப்புறம் எல்லாத் தண்ணியும் அதே வழியிலதான் போகும்" என்றார் இவர்.

பிறகு இன்னொரு சிம்னியில் விளக்கெண்ணெய்க்குப் பதில் மண்ணெண்ணெயை ஊற வைத்துப் பார்த்தார். அதை நீலத் தண்ணீர் ஏறக்குறைய ஒரே வரிசையாக, திரையை இழுத்த மாதிரி கீழே தள்ளியது. துணி வழியாக மண்ணெண்ணெய் சொட்டிய நாற்றத்தில் அன்று மதியம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் எஞ்சினியரிடம் போய், தண்ணீரை நிறுத்திவிடலாம், அந்த எண்ணெய் வராது என்று சொல்லியிருக்கிறார். எஞ்சினியர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டு, காகிதத்தில் படம் போட்டுப் பார்த்திருக்கிறார். கடைசியில், "அப்படியானால் அந்த எண்ணெயையே மெல்லிசாக்கிவிட்டால் தண்ணீர் அதைத் தள்ளுமே?" என்று கேட்டாராம்.

துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு வரும் குழாயில் ஒன்றன் பின் ஒன்றாக வெவ்வேறு எண்ணெய் வரும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் உரசுகிற இடத்தில் இரண்டும் கலந்துவிடும். அந்தக் கலப்பு எண்ணெயை விற்க முடியாது, தனியே ஒரு டேங்கில் சேர்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மணலுக்குள் செலுத்தினால் கறுப்பெண்ணெய் இளகிவிடும் என்பது எஞ்சினியரின் கணக்கு.

"இளகினா நடக்கும். நடந்தா கிழக்கே கிணறு இருக்கு. முதல்ல தெருவுக்குக் குழாய்த் தண்ணி கொடுங்க, கிணறை மூடுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். பம்பு ஓடுகிறவரைக்கும் எல்லாம் குழிக்குத்தான் வரும், தெருவுக்குப் போகாது என்று எஞ்சினியர் பதில் சொன்னார். கலப்பு எண்ணெயை மணலுக்குள் செலுத்தினார்கள். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. பம்பு ஓடிய நாளெல்லாம் குழிக்குத்தான் வந்தது. பீப்பாய் பீப்பாயாக வந்தது. கிடங்கில் எஞ்சினியருக்கு மாலை போட்டார்கள்.

சித்திரை வெயில் உச்சத்தில் பம்பு உடைந்தது. அதற்கான உதிரிப் பாகம் கப்பலில் வரவேண்டுமாம். எங்கள் பாத்திரங்கள் அலமாரியில் சும்மா இருந்தன. அந்த அமைதியே எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். குழி நிறைந்து நின்றது. வெயில் காலத்தில் தெருவே எங்கள் கிணற்றில்தான் இறைத்தது. இறைக்க இறைக்க மேற்கிலிருந்து ஊறி வந்தது.

கிணற்றில் இந்த முறை கண்டது படலம் இல்லை, காப்பி நிறத்தில் விரற்கடை கனத்துக்கு நின்றது. நாற்றமும் மண்ணெண்ணெய் நாற்றமாக இல்லை. இனிப்பாக, தலையைச் சுற்ற வைக்கிற மாதிரி இருந்தது. இவர் வேலைக்குப் போகும்போது கிணற்றடியில் நின்று எல்லோரிடமும், "யாரும் இறைக்காதீங்க, தீ கொண்டுவராதீங்க, நான் போய் ஆளைக் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் காலை ஷிப்ட் முடித்து வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். உடனே சட்டையைக் கழற்றிவிட்டு லுங்கியை மடித்துக் கட்டினார்.

"அண்ணே, அவுக வரட்டும். ஆளைக் கூட்டிட்டு வாரேன்னு போயிருக்காக" என்றேன்.

"அட, போன தபா நான்தானே எறங்குனேன், தங்கச்சி? அப்ப இன்னா ஆச்சு? அவங்கோ வந்து பாத்து, எய்தி, ஆடர் வாங்கி... அதுக்குள்ள புள்ளைங்கோ தண்ணி இல்லாம செத்துடும்."

"அப்ப வந்தது வேற எண்ணெயி அண்ணே."

"எல்லாம் எண்ணெதான்" என்றார். உறைகளின் விளிம்பில் கால் வைத்து இறங்கினார். வாளியைத் தம்பி மேலிருந்து இறக்கினான். முதல் வாளி நிரம்பி வந்தது. இரண்டாவது வாளி பாதிதான் வந்தது. மூன்றாவதை இறக்கியபோது கயிறு தொய்ந்து கிடந்தது.

"யண்ணா" என்று தம்பி கூப்பிட்டான். பதில் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். அண்ணன் உறையில் முதுகைச் சாய்த்து, களைத்துப்போய் உட்கார்ந்தவர் மாதிரி, இடுப்பளவு அந்தக் கறுப்புத் தண்ணீரில் இருந்தார். தலை மார்பில் தொங்கியது.

தம்பி கிணற்றுச் சுவரில் காலைத் தூக்கிப் போட்டான். நான் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

கிடங்கில் டேங்கு கழுவுகிறவர்கள் செத்த கதையை இவர் ஒருமுறை சொல்லியிருந்தார். உள்ளே ஒருவன் விழுவான். அவனைத் தூக்க இன்னொருவன் போவான். அவனைத் தூக்க மூன்றாவது ஆள். மூன்று பேரும் வரமாட்டார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமாம், கீழே தங்கி மூச்சுக்கு இடம் விடாதாம். எனக்கு அந்த நிமிஷம் தெரிந்திருந்தது அது ஒன்றுதான்.

"விடு! எங்கண்ணா கீது உள்ள! விடுன்றேன்ல!" அவன் முழங்கையால் என் வாயில் இடித்தான். பல் உதட்டில் குத்தி ரத்தம் வந்தது. நான் விடவில்லை. "பிடிங்க, பிடிங்க" என்று கத்தினேன். எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து அவன் காலைப் பிடித்தார்கள். நான்கு பேருமாகத் தரையில் விழுந்தோம். யாரோ கிடங்கு வாசலுக்கு ஓடினார்கள்.

அக்கா அப்போதுதான் கடையிலிருந்து வந்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தாள். அழவில்லை. வீட்டுக்குள் ஓடி, வாளி விழுந்தால் எடுக்கிற பாதாளக்கரண்டியைக் கொண்டுவந்து கயிற்றில் கட்டி உள்ளே விட்டாள். அது அண்ணனின் லுங்கியில் மாட்டியது. அவளும் இன்னொருத்தியும் இழுத்தார்கள். உடல் ஒரு முழம் மேலே வந்தது. பிறகு துணி கிழிந்தது. அவள் மறுபடியும் விட்டாள், மறுபடியும். கொக்கி அவர் தோளில் பட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது. "யோவ், பிடிய்யா, பிடிச்சிக்கோய்யா" என்று உள்ளே பார்த்து மெதுவாக, தூங்குகிறவரை எழுப்புவது மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிடங்கு ஆட்கள் முகமூடியும் காற்றுக்குழாயுமாக வந்து அவரை மேலே எடுத்தபோது உயிர் இல்லை. என் வீட்டுக்காரர் அவர்களோடு ஓடிவந்திருந்தார். அண்ணன் உடம்பில் அப்பியிருந்த எண்ணெயைக் கண்டதும் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே அது முழுக்கக் கறுப்பு. குளிப்பாட்ட வந்தவர்கள் எத்தனையோ முறை சீயக்காய் போட்டும் போகவில்லை. அப்படியேதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். வெயில் காலத்துக் கிணறு, இயற்கையாக விஷவாயு சேர்ந்திருக்கலாம் என்று கிடங்கின் தரப்பில் சொன்னார்கள். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, நடந்ததை முதலிலிருந்து சொன்னார். டேங்கு ஓட்டை, தண்ணீர், கலப்பு எண்ணெய், பம்பு நின்றது எல்லாம். அதிகாரி கடைசியில் இரண்டே கேள்வி கேட்டிருக்கிறார்.

"தண்ணீரால் எண்ணெயைத் தள்ள முடியாது என்று எஞ்சினியரிடம் முதலில் சொன்னது யார்?"

"நான்தான்."

"அதற்குப் பிறகுதான் கலப்பு எண்ணெய் ஊற்றினார்கள்?"

"ஆமாம்."

அதோடு முடித்துவிட்டார்கள். இயற்கையாகச் சேர்ந்த விஷவாயு என்றே முடிவாயிற்று. எஞ்சினியர் பம்பாய்க்கே திரும்பிப் போனார். இவரைச் சோதனை அறையிலிருந்து எடுத்துப் பீப்பாய் எண்ணுகிற இடத்தில் போட்டார்கள். மழைக்குள் இவரே வேலையை விட்டுவிட்டு வண்ணாரப்பேட்டையில் ஒரு சோப்புப் பட்டறையில் சேர்ந்தார். தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. கிணற்றில் மண்ணைக் கொட்டி மூடினார்கள்.

அக்கா என்னோடு பேசவில்லை. காரியம் முடியும் வரை ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஒரு நாள் நான் சோறு கொண்டுபோனபோது வாசலிலேயே நிறுத்தினாள்.

"கயிறு அங்கதானே கெடந்துச்சு? அவன் இடுப்புல கட்டி எறக்கிருந்தா? ரெண்டு நிமிஷம். கொக்கிய மாட்டிட்டு மேல வந்திருப்பான். நீ ஏன் அவனக் கட்டிக்கினு கெடந்த?"

அந்த நேரத்தில் எனக்குக் கயிறு தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவன் நின்று கட்டவிட்டிருப்பானா என்று தெரியாது. வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "கயிறு கட்டி இறங்கினாலும் இரண்டு மூச்சுதான். தம்பியையும் மயக்கத்தோடதான் தூக்கியிருப்பாங்க. ஆனா அண்ணன் அதுக்குள்ளயே போயிருப்பாரு" என்றார். நான் திரும்பக் கொண்டுவந்த சோற்றை மூடிவைத்துவிட்டு, "போயிருப்பாருன்னுதான் நினைக்கிறேன்" என்றார்.

அவர்கள் எண்ணூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குக் குடிபோனார்கள். அவளுக்கு வேறு வழியில்லை, தம்பிதான் சம்பாதித்துப் போட்டான். மூன்று நான்கு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு எண்ணூர் போனபோது விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தம்பிக்குக் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை அக்கா மடியில் படுத்திருந்தது.

என்னை உட்காரச் சொன்னாள். தம்பியின் பெண்டாட்டியிடம் டீ போடச் சொன்னாள். பிறகு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இவ அப்பன் உசுரோட கீறது உன்னாலதான்னு எல்லாரும் சொல்றாங்கோ. மெய்தான். எனக்கும் தெரியும். ஆனா உன்னப் பாத்தா எனக்கு வவுறு எரியுது, தங்கச்சி. இனிமே வராத."

டீ வந்தது. குடித்துவிட்டு எழுந்தேன். தம்பி வேலையிலிருந்து வருவதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.